இத்தாலியின் பழங்கிராமத்தில் எங்கே தங்குவது: சிதறல் ஹோட்டலா, வாடகை வீடா, பண்ணை விடுதியா?

ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் ஆகியவற்றோடு திரும்பிவிடாமல் பழைய மலைக்கிராமம் ஒன்றில் சில இரவுகள் தங்கிவர விரும்புகிறவர்கள், தங்குமிடம் தேடத் தொடங்கியதும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கிராமத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் ‘அல்பெர்கோ திஃபூஸோ’ என்று ஒன்று வருகிறது. அதே தெருவில், அதைவிடக் குறைந்த கட்டணத்துக்கு, சமையலறையோடு கூடிய வாடகை வீடு வருகிறது. ஊருக்கு வெளியே ஆலிவ் தோப்பின் நடுவே ஒரு பண்ணை விடுதியும் வருகிறது. படங்களில் கல் சுவரும் மர உத்திரமும் சன்னலுக்கு வெளியே மலையுமாக மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிவதால், எதைத் தேர்வது என்று கேட்டு எழுதுகிறவர்கள் பலர். அவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

மூன்றில் முதலாவதுதான் நமக்குப் பழக்கமில்லாதது என்பதால் அதைச் சற்று விளக்க வேண்டும். இங்கே அதைச் சிதறல் ஹோட்டல் என்று குறிப்பிடுகிறேன். வரவேற்பறை ஒரு வீட்டிலும், காலை உணவுக் கூடம் வேறொரு தெருவில் முன்பு தொழுவமாக இருந்த கட்டடத்திலும், உங்கள் அறை இரண்டு சந்து தள்ளி ஊர்க்காரர்கள் குடியிருக்கும் வீடுகளுக்கு நடுவிலும் இருக்கும். நிர்வாகம் மட்டும் ஒன்று. இந்த ஏற்பாட்டின் தொடக்கம் ஒரு நிலநடுக்கம். 1976 மே மாதம் இத்தாலியின் வடகிழக்கு மூலையான ஃப்ரியூலியில் நிலம் குலுங்கி ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். அங்குள்ள கார்னியா மலைப்பகுதியில் வீடுகள் மீண்டும் எழுந்தன. குடியிருக்கத்தான் போதிய ஆளில்லை. அந்த வீடுகளை விருந்தினர்களுக்குப் பயன்படுத்தலாம் என்ற முயற்சி 1982இல் கொமெல்யான்ஸ் என்ற ஊரில் நடந்தது. அதில் பங்கேற்ற ஜான்கார்லோ தல்லாரா பின்னர் இதை ஒரு முறையான ஹோட்டல் வடிவமாக வகுத்தார். 1998இல் சார்டீனியா மாநிலம் இதை முதன்முதலாகச் சட்டத்தில் சேர்த்தது. 2006இல் இதற்கென ஒரு தேசியச் சங்கமும் அமைந்தது.

## முதலில் அளவுகோல்கள்

கட்டணத்தை ஒப்பிடுவதற்கு முன் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஊரில் ஆள் இருக்கிறார்களா என்பது முதலாவது: கோடை முடிந்த பிறகு ஒரு வேலைநாள் மாலையில் எத்தனை சன்னல்களில் விளக்கு எரியும், ரொட்டிக்கடை திறந்திருக்குமா, காப்பி குடிக்க ஒரு பார் உண்டா? இரண்டாவது, கால்களும் பெட்டிகளும். கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டிலருகே வரை எவ்வளவு தூரம், எத்தனை படி? மூன்றாவது, இரவு பதினொரு மணிக்கு வெந்நீர் வரவில்லை என்றால் கூப்பிட ஆள் உண்டா? நான்காவது சாப்பாடு; சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதுவே முதலாவதாகவும் இருக்கலாம். ஐந்தாவது, எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு.

இவற்றில் முதலாவதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். சிதறல் ஹோட்டலில் அறைக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சுற்றியுள்ள ஊருக்காகக் கொடுப்பது. ஊர் வெறிச்சோடிக் கிடந்தால் அந்தக் கூடுதல் பணத்துக்குப் பொருளில்லை.

## சிதறல் ஹோட்டல்

பலரும் உதாரணமாகக் காட்டுவது அப்ருஸ்ஸோ மாநிலத்தின் சான்டோ ஸ்டெஃபானோ டி செஸ்ஸானியோ. கிரான் சாஸ்ஸோ மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊர், ஒருகாலத்தில் ஃபுளோரன்ஸின் மெடிச்சி குடும்பத்தின் ஆட்சியில் கம்பளி வணிகத்தால் செழித்தது. மந்தை மேய்ச்சல் நலிந்ததும் ஆட்கள் வெளியேறினார்கள். இன்று நிரந்தரமாக வசிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். டானியேலே கில்கிரென் என்ற முதலீட்டாளர் இங்கே பாழடைந்து கிடந்த வீடுகளை வாங்கிச் சீரமைத்து, ‘செக்ஸ்டான்டியோ’ என்ற சிதறல் ஹோட்டலைத் தொடங்கினார். அடுப்புப் புகை படிந்து கறுத்த சுவர்களை வெள்ளையடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். வெப்பமூட்டும் குழாய்கள் தரைக்கு அடியில் மறைந்திருக்கின்றன. அறையில் தொலைக்காட்சி கிடையாது. ஊரின் அடையாளமாக நின்ற வட்டக் கோபுரம் 2009 ஏப்ரல் லாக்விலா நிலநடுக்கத்தில் இடிந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகே மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. இப்பகுதியின் பழைய வீடுகளின் வெளிச்சுவரைக் கவனித்தால் ஆங்காங்கே இரும்புத் தகடோ குறுக்குக் கம்பியோ பதிந்திருப்பது தெரியும். அது அலங்காரம் அன்று; சுவர் வெளியே சாயாதபடி வீட்டுக்குள் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பியின் முனை.

இப்படிப்பட்ட இடத்தில் தங்குவதன் பயன் நேரடியானது. ஹோட்டலுக்குரிய சேவைகளான காலை உணவு, அறை சுத்தம், வழிகேட்க ஓர் ஆள் ஆகியவை கிடைக்கின்றன. அதே நேரத்தில் கதவைத் திறந்தால் ஹோட்டல் தாழ்வாரத்துக்குப் பதிலாக ஊர்த்தெரு வருகிறது. எதிர்வீட்டுப் பாட்டி துணி உலர்த்திக்கொண்டே உங்களுக்கு வணக்கம் சொல்வார். வரவேற்பறையில் இருப்பவரே, பாலாடைக்கட்டி செய்யும் மேய்ப்பர் வீட்டுக்கும் சாவி வாங்கித் திறக்க வேண்டிய பூட்டிய தேவாலயத்துக்கும் வழிசொல்வார். வாடகை வீட்டில் இதற்கெல்லாம் மொழியும் அறிமுகமும் வேண்டும்.

ஆனால் பெயரை மட்டும் நம்பக்கூடாது. இத்தாலியில் தங்குமிட விதிகளை அந்தந்த மாநிலமே வகுப்பதால், எதைச் சிதறல் ஹோட்டல் என்று அழைக்கலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஒரே நிர்வாகம், பொதுவான கூடம், வரவேற்பறையிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டருக்குள் அறைகள், சுற்றிலும் உண்மையில் குடியிருக்கும் மக்கள் என்பது தல்லாரா வகுத்த வடிவம். வெவ்வேறு உரிமையாளர்களின் வீடுகளை ஒரே முன்பதிவுத் தளத்தில் சேர்த்திருப்பது வேறு வகை. ஆளே இல்லாத கிராமத்தை ஒருவர் முழுமையாக வாங்கி விடுதியாக்கியிருப்பதும் வேறு வகை. முந்தையதில் சேவை வீட்டுக்கு வீடு மாறும். பிந்தையதில் அண்டை வீட்டார் எல்லாரும் உங்களைப் போன்ற விருந்தினர்களே.

தென் இத்தாலியின் மத்தேரா நகரம் இந்த வகையில் ஓர் இடைநிலை. பாறையைக் குடைந்த ‘சாஸ்ஸி’ குடியிருப்புகளிலிருந்து 1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஏறத்தாழ 15,000 பேர் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த பிறகு, குறிப்பாக 2019இல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரமாக இருந்த பிறகு, அந்தக் குகைகளில் பலவும் தங்குமிடங்களாயின. குகை அறையில் உறங்குவது அரிய அனுபவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே ஊர் வாழ்க்கை நடப்பது மேலே, புதிய நகரத்தில். கீழே இரவு நேரத்தில் விளக்குகள் பெரும்பாலும் விருந்தினர் அறைகளுடையவை. இதற்கு மாறாக, புலியா மாநிலத்தின் லொகொரொட்டொண்டோ வட்டமாகச் சுற்றிவரும் வெள்ளைச் சந்துகளோடு இன்னமும் குடும்பங்கள் வாழும் ஊர். அங்கே வீடுகளுக்கு இடையே அறை எடுத்தவர்கள் ஞாயிறு மதியத்தில் பக்கத்து வீட்டுச் சமையல் வாசத்தோடு நடப்பார்கள். எனக்குத் தெரிவு கொடுத்தால், பார்ப்பதற்கு மத்தேரா, தங்குவதற்கு லொகொரொட்டொண்டோ.

மறைமுகச் செலவுகளில் முதலில் வருவது உடல் உழைப்பு. தெருக்கள் கல் பாவியவை, படிகளாக ஏறுபவை. சக்கரப் பெட்டி அங்கே சுமையாகிவிடும். சில இடங்களில் பெட்டிகளைச் சிறிய மூன்று சக்கர வண்டியில் ஏற்றிச் செல்கிறார்கள். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் அதே பியாஜியோ ஆப்பேதான். அது பிறந்த நாட்டிலேயே அதைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. வண்டி இல்லாத இடத்தில் நீங்களே தூக்க வேண்டும். குன்றின் உச்சியில் இருக்கும் சிவிதா டி பாஞ்ஞொரேஜியோவில் ஊருக்குள் நுழையவே ஏறத்தாழ 300 மீட்டர் நீளமான, முடிவில் செங்குத்தாக ஏறும் நடைபாலத்தைக் கடக்க வேண்டும். நுழைவுக் கட்டணமும் உண்டு.

அடுத்தது குடும்பமாகப் போகிறவர்கள் முன்கூட்டி நினைத்துப் பார்க்காதது. இரண்டு அறை முன்பதிவு செய்தால் அவை அடுத்தடுத்து இருக்கும் என்ற உறுதியில்லை. பெற்றோர் ஒரு சந்திலும் நீங்களும் குழந்தைகளும் இன்னொரு சந்திலுமாகப் பிரிந்துபோகலாம். கல் சுவர் தடிமனாக இருப்பதால் அறைக்குள் கைபேசிச் சமிக்ஞையும் வைஃபையும் பலவீனமாக இருக்கும். நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறினால் என்ன செய்வது என்பதை முன்பதிவுக்கு முன்பே யோசிக்க வேண்டும். அறைக்குள்ளேயே ஏணிபோன்ற படியும், தலைகுனிந்து நுழைய வேண்டிய கதவும் இருக்கலாம். காலை உணவுக்கு மழையிலும் குடையோடு நடந்துதான் போக வேண்டும். வரவேற்பறை பெரும்பாலும் இரவில் மூடிவிடும் என்பதால், பிற்பகல் கடந்து வருகிறவர்கள் நேரத்தை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சாப்பாட்டில் இதன் நிலை நடுத்தரம். ஹோட்டலோடு சேர்ந்த உணவகம் இருந்தால் சைவம் என்று முன்பே எழுதிவிடலாம். புலியாவிலும் மத்தேராவிலும் உலர்ந்த அவரைப் பருப்பை மசித்துக் கசப்புக் கீரையோடு பரிமாறும் உணவு இயல்பாகவே சைவம். அங்கே கையால் செய்யும் காது வடிவப் பாஸ்தாவில் முட்டையும் சேர்ப்பதில்லை, ஆனால் அதன் கீரைக் கலவையில் நெத்திலி சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்டுக்கொள்ள வேண்டும். சான்டோ ஸ்டெஃபானோவின் சிறிய கரும்பழுப்பு மைசூர்ப் பருப்பு வகை புகழ்பெற்றது. அந்தச் சூப்பில் சில சமையலறைகள் பன்றிக்கொழுப்பு சேர்க்கும். கார்னியாவில் மூலிகையும் உலர்திராட்சையும் வைத்து மடிக்கும் ‘சார்சோன்ஸ்’ பெரும்பாலும் இறைச்சியில்லாதது, மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டால் போதும். பல பாலாடைக்கட்டிகளில் விலங்கு வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் உண்டு என்பதையும் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டு பேர், நன்றாக நடக்கக்கூடியவர்கள், குறைந்தது இரண்டு இரவும் நடுவில் ஒரு முழுப் பகலும் ஒதுக்க முடிந்தவர்கள் ஆகியோருக்கு இதுவே சிறந்தது. மாலையில் வந்து காலையில் கிளம்புகிறவர்கள் இதற்குப் பணம் செலவழிப்பது வீண்.

## கிராமத்துக்குள் வாடகை வீடு

அதே கல் சுவர், அதே சந்து, ஆனால் சமையலறை உண்டு. நான்கு பேருக்கு மேற்பட்ட குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்க முடிகிறது. காலையில் குக்கர் இல்லாவிட்டாலும் ஒரு பாத்திரத்தில் சோறு வடித்துத் தயிர் ஊற்றிச் சாப்பிட முடிகிறது. சைவக் குடும்பங்களுக்கும் சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கும் இந்த ஒரே காரணம் போதும். சந்தை நாள் எது என்று கேட்டுக்கொண்டால் காய்கறி எளிது. ஆனால் சிறிய ஊரின் ஒரே மளிகைக்கடை மதியம் ஒரு மணி வாக்கில் மூடி மாலையில்தான் திறக்கும். வந்திறங்கும் நாள் ஞாயிறாக இருந்தால் பால், அரிசி, தண்ணீர் ஆகியவற்றை வழியிலேயே வாங்கிவிட வேண்டும்.

திரையில் தெரியும் இரவுக் கட்டணம் இங்கேதான் அதிகம் ஏமாற்றும். சுத்தம் செய்யும் கட்டணம் ஒருமுறைக்கு என்று வசூலிக்கப்படுவதால் தங்கும் இரவுகள் குறையக் குறைய அதன் சுமை கூடும்: அது 80 யூரோ என்று வைத்துக்கொண்டால் ஐந்து இரவு தங்கினால் ஓர் இரவுக்கு 16 யூரோ, இரண்டே இரவு தங்கினால் ஓர் இரவுக்கு 40 யூரோ. படுக்கை விரிப்பும் துண்டும் தனிக் கட்டணமாக இருக்கலாம்; குளிர்காலத்தில் வெப்பமூட்டும் எரிவாயுவைப் பயன்பாட்டு அளவின்படி கடைசி நாளில் கேட்பவர்களும் உண்டு. முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம் இவற்றுக்கு மேலே. இரவு கூப்பிட ஆள் இருக்கிறாரா என்ற அளவுகோலில் இது பின்தங்குகிறது. உரிமையாளர் மிலானில் இருக்க, சாவி கதவருகே எண்பூட்டுப் பெட்டியில் இருக்கும் வீடுகள் பல.

சட்டத்துக்கு உட்பட்ட வீடா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. 2025 தொடக்கத்திலிருந்து குறுகிய கால வாடகை வீடுகளும் பிற தங்குமிடங்களும் தேசிய அடையாள எண் ஒன்றைப் பெற்று, விளம்பரத்திலும் கட்டடத்தின் வாசலிலும் காட்ட வேண்டும். மேலும், விருந்தினரின் கடவுச்சீட்டு விவரங்களைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது எல்லாத் தங்குமிடங்களுக்கும் கட்டாயம் என்பதால், வீட்டுக்காரர் அதைக் கேட்டால் ஐயப்படத் தேவையில்லை. கேட்காவிட்டால்தான் ஐயப்பட வேண்டும்.

## ஊருக்கு வெளியே பண்ணை விடுதி

‘அக்ரிதூரிஸ்மோ’ என்ற பெயரை இத்தாலியில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. 1985இல் வந்து 2006இல் புதுப்பிக்கப்பட்ட தேசியச் சட்டத்தின்படி, உழவுத் தொழிலே முதன்மையாக இருக்க வேண்டும். விருந்தினர் உபசரிப்பு அதற்குத் துணைத் தொழில். அதனால் தட்டில் வரும் எண்ணெயும் காயும் பெரும்பாலும் அந்தப் பண்ணையுடையவையோ அக்கம்பக்கத்தவையோ ஆகும்.

கார் வாசல்வரை வரும். தரைத்தள அறை கிடைக்கும். குழந்தைகள் ஓட இடமுண்டு. வீட்டுக்காரக் குடும்பம் பெரும்பாலும் அங்கேயே குடியிருக்கும். கால், பெட்டி, இரவு உதவி என்ற மூன்றிலும் மற்ற இரண்டையும் இது எளிதில் வென்றுவிடுகிறது. முட்டி வலி உள்ள பெற்றோரோடு போகிறவர்களுக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். இரவு உணவு பல இடங்களில் முன்கூட்டி நிச்சயித்த ஒரே பட்டியல்தான். வீட்டுச் சமையல் என்பதால், சைவம் என்று முதல்நாளே சொன்னால் நன்றாகவே கவனிப்பார்கள்.

இழப்பது ஊரை. மாலை உலாவுக்கும் ஒரு காப்பிக்கும்கூடக் கார் எடுக்க வேண்டும். அந்தக் காரே இதன் பெரிய மறைமுகச் செலவு. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் வேண்டும். வாடகைக் கார்கள் பெரும்பாலும் கையால் கியர் மாற்றுபவை, தானியங்கி வேண்டுமானால் கட்டணம் கூடும், முன்பே சொல்லி வைக்கவும் வேண்டும். பழைய ஊர்களின் மையத்தில் வெளியார் வாகனங்களுக்குத் தடையுள்ள பகுதிகளைக் கேமரா காவல் காக்கிறது. தெரியாமல் நுழைந்தால், நீங்கள் ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து அபராதக் கடிதம் வரும், வாடகை நிறுவனம் தன் பங்குக்கு ஒரு நிர்வாகக் கட்டணத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆகஸ்டில் பல பண்ணைகள் வாரக்கணக்கில்தான் அறை கொடுக்கின்றன என்பதும் கவனிக்க வேண்டியது.

## நான்காவது ஒன்று

அருகிலுள்ள சிறு நகரத்தில் சாதாரண ஹோட்டல் எடுத்து, கிராமத்துக்குப் பகலில் போய்வருவது. யாரும் இதை ஆசையோடு தேர்வதில்லை, ஆனால் கார் ஓட்டாதவர்களுக்கு இதுவே நடைமுறை. சான்டோ ஸ்டெஃபானோவுக்கு ரயில் இல்லை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாக்விலாவிலிருந்து செல்லும் பேருந்துகள் குறைவு. புலியாவின் தலைநகரான பாரியிலிருந்து மத்தேராவுக்கும் லொகொரொட்டொண்டோவுக்கும் உள்ளூர் ரயில் நிறுவனங்களின் பாதைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சிதறல் ஹோட்டல் | வாடகை வீடு | பண்ணை விடுதி |
|---|---|---|---|
| ஊர் வாழ்க்கை | ஊரில் ஆளிருந்தால் மிக நன்று | நன்று, அறிமுகம் நீங்களே தேட வேண்டும் | குறைவு |
| படியும் பெட்டியும் | கடினம் | கடினம் | எளிது |
| இரவில் உதவி | தொலைபேசியில் | நிச்சயமில்லை | வீட்டுக்காரர் அருகில் |
| சைவ உணவு | முன்பே சொன்னால் கிடைக்கும் | சொந்தச் சமையல் | முன்பே சொன்னால் நன்று |
| மறைமுகச் செலவு | உணவகச் செலவு, சுமை | சுத்தம், விரிப்பு, எரிவாயு | கார், எரிபொருள், அபராதம் |
| பொருந்தும் இரவுகள் | 2 முதல் 3 | 4க்கு மேல் | 3 முதல் ஒரு வாரம் |

ஊராட்சி விதிக்கும் தங்கல் வரி மூன்றுக்கும் பொது. விதிக்கும் ஊர்களில் ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கிட்டு, பல இடங்களில் ரொக்கமாகவே வாங்குவார்கள். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டியிருப்பதால், விசா கைக்கு வரும்வரை கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ளதையே எடுப்பது பாதுகாப்பு. சிறிய சிதறல் ஹோட்டல்களில் மலிவான கட்டணம் பெரும்பாலும் ரத்து செய்ய முடியாததாக இருக்கும்.

## முன்பதிவுக்கு முன் எழுதிக் கேட்க வேண்டியவை

சிதறல் ஹோட்டல் என்று முடிவு செய்தவர்கள் பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். கார் நிறுத்துமிடத்திலிருந்து எங்கள் அறைவரை எத்தனை படி, பெட்டியை யார் கொண்டுவருவார்? இரண்டு அறையும் ஒரே வீட்டிலா? குளியலறை கட்டில் இருக்கும் தளத்திலேயே உள்ளதா? நாங்கள் வரும் வாரத்தில் உணவகம் எந்த நாள் விடுமுறை, அன்று ஊரில் வேறு எங்கே சாப்பிடலாம்? கடைசிக் கேள்வியின் பதில்தான் அதிகம் சொல்லும். வேறு உணவகத்தின் பெயரையும் ரொட்டிக்கடையின் நேரத்தையும் எழுதியனுப்பினால் ஊர் இயங்குகிறது என்று பொருள். பக்கத்து ஊருக்குக் காரில் போகச் சொன்னால், நவம்பர் முதல் மார்ச் வரை அந்த ஊரை விட்டுவிட்டு லொகொரொட்டொண்டோ போன்ற பெரிய ஊரில் அறை தேடுவது நல்லது. மே, ஜூன், செப்டம்பர் என்றால் அதே அறையைத் தாராளமாக எடுக்கலாம்.